பன்னிரண்டு பேருக்கு ஒரே கையெழுத்து

ஜூலை 14, திங்கள்

இல்லை, அதற்காக வரவில்லை. ஜெபக்கனி டீச்சர் கூப்பிட்டார், வந்தேன். அவ்வளவுதான்.

இந்த வருடம் குறுவட்டக் கோ-கோ போட்டி எங்கள் பள்ளி மைதானத்தில் நடக்கிறது. எட்டுப் பள்ளிகள், பள்ளிக்குப் பன்னிரண்டு பெண்கள். மருத்துவ ஏற்பாட்டுக்கு யார் பொறுப்பு என்று மேலிடத்திலிருந்து கேட்டு எழுதியிருக்கிறார்கள். இதுவரை யாரும் கேட்டதில்லை. விளையாட்டு ஆசிரியை என்ற முறையில் கடிதம் டீச்சர் மேஜைக்கு வந்திருக்கிறது. அவர் யார் யாரிடமோ விசாரித்து என் எண்ணைப் பிடித்துவிட்டார்.

"நீதான டாக்டருக்குப் படிச்சே."

பிசியோதெரபி, டீச்சர், என்றேன்.

"அதான், கை காலு பாக்குத டாக்டர்."

சென்னையில் மூன்று வாரம் விடுப்பு கேட்டேன். காரணம் என்ற கட்டத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினேன்.

பதினோரு வருடம் கழித்து மைதானத்தில் நின்றேன். சின்ன வயதில் பெரிதாகத் தெரிந்ததெல்லாம் பிறகு சிறிதாகிவிடும் என்பார்கள். ஆகவில்லை. அளந்து சுண்ணாம்புக் கோடு போட்ட இடம் எப்படிச் சிறிதாகும். இரண்டு கம்பங்களும் அதே இடத்தில். தண்ணீர்த் தொட்டி அதே இடத்தில். தொட்டிக்குப் பின்னால் போகவில்லை.

பள்ளி வாசலுக்கு எதிரே சைக்கிள் கடை இருந்தது. இப்போது ஜெராக்ஸ் கடை. போர்டில் உரிமையாளர் பெயர் இருந்தது. படித்தேன். தெருவின் இந்தப் பக்கமாகவே நடந்து வீட்டுக்கு வந்தேன்.

சாப்பிடும்போது அம்மா கேட்டாள், முப்பிடாதியைப் பார்த்தாயா என்று. நேரமில்லை என்றேன்.


ஜூலை 15, செவ்வாய்

முதலுதவிப் பெட்டியைத் திறந்தோம். அதே வெள்ளைத் தகரப் பெட்டி. உள்ளே துவைத்துத் துவைத்து மஞ்சளாகிப்போன கட்டுத்துணி ஒன்று, காய்ந்த டிங்சர் பாட்டில், துருப்பிடித்த கத்தரிக்கோல், வலி ஸ்ப்ரே டின்.

டின்னை ஆட்டிப் பார்த்தேன். காலி. எங்கள் காலத்திலும் காலிதான். விழுந்தவளின் முட்டிக்கு நேராக டின்னைப் பிடித்து டீச்சர் அழுத்துவார். ஒன்றும் வராது. பல்லிடுக்கில் அவரே 'ஸ்ஸ்' என்பார். எழுந்து ஓடுவோம். வலி போனது உண்மை. இன்றுவரை அதற்கு எனக்கு விளக்கம் தெரியாது, இத்தனை படித்தும்.

சுளுக்குக்கு சேமியா ஐஸ். நாலு மணிக்கு வாசலில் ஐஸ் வண்டி மணி அடிக்கும். டீச்சர் ஒன்று வாங்கிக் கைக்குட்டையில் சுற்றி கணுக்காலில் வைப்பார். பால் ஒழுகும், எறும்பு வரும். ஒரு தடவை பாதி உருகியதும் முப்பிடாதி அதை என் காலிலிருந்து எடுத்துத் தின்றுவிட்டாள். மருந்து வீணாகப் போகக் கூடாது என்றாள்.

இதை நினைத்தபோது டீச்சரும் அதையே நினைத்தார் போல. இரண்டு பேரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு பட்டியல் எழுதினேன். ஐஸ் பெட்டி, கட்டுத்துணி பத்து, மரச்சிம்பு, உப்புச் சர்க்கரைக் கரைசல், ஸ்ட்ரெச்சர் ஒன்று.

ஸ்ட்ரெச்சர் என்று நான் சொன்னதும் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.


ஜூலை 16, புதன்

ஆம்புலன்ஸ் மைதானத்துக்குள் வர வடக்கு கேட் ஒன்றுதான் வழி. பூட்டியிருக்கிறது. சாவி யாரிடமும் இல்லை. அன்றைக்கும் யாரிடமும் இல்லை.


ஜூலை 17, வியாழன்

மாலைப் பயிற்சியைப் பார்த்தேன். அணித் தலைவி பொன்சுபா, பிளஸ் டூ. நல்ல குரல். எட்டுப் பேர் வரிசையில் குத்தவைத்து உட்கார்ந்திருக்க, ஒருத்தி விரட்டுகிறாள். வரிசையில் இருப்பவள் தானாக எழுந்துவிட முடியாது. விரட்டுபவள் பின்னால் வந்து முதுகைத் தொட்டு 'கோ' சொன்னால்தான் எழலாம். சொல்லாமல் எழுந்தால் ஃபவுல். பதினோரு வருடத்தில் எவ்வளவோ மாறியிருக்கிறது. இந்த விதி மாறவில்லை.

ஓடுபவர்களில் ஒரு பெண் இருக்கிறாள். இசக்கிலெட்சுமி, பத்தாம் வகுப்பு. எல்லோரும் இசக்கி என்கிறார்கள். அவள் கம்பத்தைச் சுற்றித் திரும்பும்போது மண்ணில் கால் படுவதே தெரியவில்லை. வரிசைக்குள் புகுந்து புகுந்து மூன்று நிமிடம் ஆட்டம் காட்டினாள். யாராலும் தொட முடியவில்லை. இந்த வருடம் மாவட்டத்துக்குப் போவோம் என்று எல்லோரும் சொல்வது இவளை வைத்துத்தான்.

ஓடி முடித்ததும் கம்பத்தைப் பிடித்துக் குனிந்தாள். காலில் முள் எடுப்பதுபோல. ஒரு நிமிடம் அப்படியே இருந்தாள். அடுத்த ஓட்டத்துக்குப் பிறகும் முள். அதற்கடுத்தும் முள்.

பயிற்சி முடிந்த பிறகு அந்த இடத்தைக் காலால் தடவிப் பார்த்தேன். மைதானத்தில் முள் இல்லை.


ஜூலை 18, வெள்ளி

உடல்தகுதிச் சான்று.

டீச்சர் பழைய கோப்பை எடுத்துப் போட்டார். எங்கள் காலத்து வழக்கம் இப்படி: ஒரு டாக்டர் எப்போதோ கையெழுத்தும் முத்திரையும் போட்ட ஒரு தாள் இருக்கும். பெயர் இருந்த இடத்தில் வெள்ளை மை தடவி ஜெராக்ஸ் எடுப்பார்கள். பன்னிரண்டு தாள். அணியில் யாருக்குக் கையெழுத்து அழகாக இருக்கிறதோ அவள் உட்கார்ந்து பன்னிரண்டையும் நிரப்புவாள். பெயர், வயது, எடை. கடைசி வரி: 'மயக்கம், மூச்சுத்திணறல், வலிப்பு உண்டா?' இல்லை. இல்லை. இல்லை.

எல்லாப் பள்ளியிலும் இப்படித்தான். ஒளிவுமறைவே கிடையாது. அழகான கையெழுத்து இருப்பது ஒரு பதவி.

எங்கள் அணியில் அது நான்.

கோப்பில் அந்த வருடத்துத் தாள்களும் இருந்தன. நீல மை. எண்ணினேன், பன்னிரண்டும் இருந்தன. மூடி வைத்துவிட்டேன்.

இந்த வருடம் அது செல்லாது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் திங்கட்கிழமை, 28ஆம் தேதி, இரண்டு மணி நேரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தொண்ணூற்றாறு பெண்களையும் இரண்டு மணி நேரத்தில் பார்க்க முடியாது. ஆகவே நான் ஒரு கேள்வித்தாள் தயாரிக்க வேண்டும். எதற்காவது 'ஆமாம்' என்று எழுதுபவர்களை அவர் பார்ப்பார். மற்றவர்கள் விளையாடலாம்.

பத்துக் கேள்விகள் எழுதினேன். பள்ளிப் பிரிண்டர் ஓடவில்லை. டீச்சர் வாசலைப் பார்த்துக் கையைக் காட்டினார். "எதிர்த்தாப்லதான" என்றார்.


ஜூலை 19, சனி

போனேன்.

முப்பிடாதி நிமிர்ந்து பார்த்தாள். நான் நேற்று மாலையும் வந்து போனவள்போல, "வா. மின்விசிறிக்குக் கீழ உக்காரு" என்றாள். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். சுடிதார் கழுத்தை ஊக்கு வைத்து மேலே இழுத்துக் குத்தியிருந்தாள். ஊக்குக்கு மேலும் ஒரு நகத்தளவு தழும்பு தெரிந்தது.

என்ன படித்தேன், எங்கே தங்கியிருக்கிறேன், கல்யாணம் ஏன் ஆகவில்லை. தனக்கும் ஆகவில்லை என்று அவளே சொன்னாள். "பொண்ணு பாக்க வந்தவன் பக்கத்துல உக்காந்தான். சத்தம் கேட்டுட்டு. வாட்ச் எங்க கெட்டிருக்கீங்கன்னு கேட்டான்" என்றாள். எனக்குப் புரியவில்லை. அவளும் விளக்கவில்லை.

கேள்விகளைத் தட்டச்சு செய்தாள். நான்காவது கேள்வியில் நின்றாள். 'ஓடும்போது மயக்கம் ஏற்பட்டதுண்டா?' என்று எழுதியிருந்தேன்.

"மயக்கம்னா பிள்ளைக விழுந்தாத்தான்னு நெனைக்கும். 'கண்ணக் கட்டுதா'ன்னு போடு."

போடு என்றேன். விரல்கள் விசைமேல் நின்றன, பிறகு அடித்தன.

அப்போது கரண்ட் போயிற்று. மின்விசிறி நின்றது, எந்திரம் நின்றது. தெருவிலும் யாருமில்லை. அந்த அமைதியில் ஒரு கடிகாரம் கேட்டது. சின்னதாக, உலோகச் சத்தம், கொஞ்சம் வேகம். சுவரைப் பார்த்தேன். சுவரில் கடிகாரம் இல்லை.

படித்திருக்கிறேன். இதயத்தில் உலோக வால்வு வைத்தவர்களுக்கு அப்படிக் கேட்கும் என்று. தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி அது.

அவள் தாள்களை விசிறிபோல் மடித்து வீசிக்கொண்டிருந்தாள். கரண்ட் வந்ததும் நூறு பிரதி எடுத்துக் கொடுத்தாள்.


ஜூலை 20, ஞாயிறு

வேலை இல்லை. அம்மா துவைக்கப் போட்டதை மடித்து வைத்தேன்.

நினைவுக்கு வருபவை: குளுக்கோஸ் பொடியை உள்ளங்கையில் கொட்டி நக்குவது. நக்கிய நாக்கோடு 'கோ' என்று கத்தினால் வெள்ளைத் துகள் பறக்கும். சுண்ணாம்புக் கோட்டின் வாசனை, மழைக்கு முந்தின நாள். முப்பிடாதி கம்பத்தை நோக்கிப் பாயும்போது இரண்டு கால்களும் தரையில் இருக்காது. நான் வேகம் இல்லாதவள். ஆனால் எவள் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று எனக்கு முன்பே தெரியும். "ஒனக்குக் கண்ணுதான் காலு" என்பாள் அவள்.

அவளுக்கும் முள் குத்தும். ஓட்டம் முடிந்ததும் குனிவாள்.

அந்த வருடம் இங்கேயே நடந்த குறுவட்டப் போட்டிக்கு முந்தின நாள், பயிற்சி முடிந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். கண்ணக் கட்டுதுட்டி, என்றாள். படுத்தா மூச்சு முட்டுது, ரெண்டு தலகாணி வச்சுப் படுக்கேன். மூணாம் வகுப்பில் முட்டெல்லாம் வீங்கி ஒரு காய்ச்சல் வந்தது, அதிலிருந்தே இப்படித்தான் அப்பப்போ. சொல்லிக்கொண்டே அழுதாள். சான்றுப் பாரத்தில் எழுதிவிடாதே என்றாள். அப்படித்தான் சொன்னாள். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அடுத்து நடந்ததை இங்கே எழுத வேண்டியதில்லை.


ஜூலை 22, செவ்வாய்

எட்டுப் பள்ளிக்கும் படிவங்கள் போய்ச் சேர்ந்தன. நம் பள்ளிக்கானதை டீச்சர் பொன்சுபாவிடம் கொடுத்தார்.


ஜூலை 24, வியாழன்

பன்னிரண்டும் திரும்பி வந்தன. பத்துக் கேள்வி, பன்னிரண்டு பேர், நூற்றிருபது 'இல்லை'. ஒரே பேனா. ஒரே கை. அழகான கை, வரி கொஞ்சமும் சாயவில்லை.

பொன்சுபாவைக் கூப்பிட்டேன். அவள் பெருமையாகத்தான் சொன்னாள்: "எல்லாருக்கும் நான்தான்க்கா எழுதுவேன். எட்டாப்புல இருந்தே."

ஒவ்வொருத்தியிடமும் கேட்டு எழுதினாயா என்றேன். கேட்கத் தேவையில்லை, தனக்குத் தெரியும் என்றாள். நாலாவது கேள்வி, யாருக்காவது கண்ணைக் கட்டுமா என்றேன்.

"இல்லக்கா."

சொல்லும்போது அவள் பார்வை தண்ணீர்த் தொட்டியின் பக்கம் போய்வந்தது. அந்தப் பார்வையை நான் வெளியிலிருந்து பார்ப்பது இதுவே முதல் தடவை.

டீச்சரிடம் போய், இவை செல்லாது, மறுபடி எழுத வேண்டும் என்றேன். நாளை மறுநாள் கடைசி. ஒரு பெண்ணை நிறுத்தினால்கூட மாவட்டக் கனவு போய்விடும் என்று அவருக்குத் தெரியும். பதினோரு வருடமாக ஒரு அணியும் போகவில்லை. அவர் கோபப்படவில்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"அன்னைக்கு விசாரணைன்னு வந்தாங்க. இந்தப் பாரம் யார் எழுதுனதுன்னு கேட்டாங்க. நான்தான்னுட்டேன். ஒனக்குப் பதினாறு வயசு."

அடுத்த ஜூனில் அவர் பள்ளியில் இல்லை. மாற்றல் என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள். மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்தார் என்று அம்மா எழுதியது நினைவிருக்கிறது. இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டாம் என்று இருந்திருப்பேன்.

பன்னிரண்டு தாள்களையும் என் பக்கம் தள்ளினார். "அனுப்பவா வேண்டாமான்னு இப்ப நீயே சொல்லு, ஆவுடை. இப்ப நீ வளந்த ஆளு."

அனுப்ப வேண்டாம் என்றேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. மறுபடி கொடுத்தாலும் அதே 'இல்லை' வரும். பன்னிரண்டு கைகளில் வரும், அவ்வளவுதான்.


ஜூலை 25, வெள்ளி

மதியம், கடையில் கூட்டமில்லாத நேரம்.

சொன்னேன். இங்கே எழுதுவதைவிடக் குறைவான வாக்கியங்களில். அன்றைக்குப் பாரம் எழுதியது நான். நீ சொன்ன பிறகு எழுதினேன். தெரிந்தே 'இல்லை' என்று எழுதினேன். நீ இல்லாமல் ஜெயிக்க முடியாது, அதனால்.

மறுநாள் இரண்டாவது ஓட்டத்தில் அவள் கம்பத்துக்குப் பக்கத்தில் விழுந்தாள். ஆம்புலன்ஸ் வடக்கு ரோட்டில் வந்து நின்றது, கேட் பூட்டியிருந்தது. வகுப்பறை பெஞ்சில் அவளைக் கிடத்தி நான்கு பேர் முன்வாசல் வழியாகச் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினோம். நான் இடது கால் பக்கம். முப்பிடாதியின் பாதத்தில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்தார்கள். நான் பார்க்கப் போகவில்லை. பரீட்சை என்றேன். பிறகு சென்னை. இதைத்தான் எழுத வேண்டியதில்லை என்று ஞாயிற்றுக்கிழமை எழுதினேன்.

அவள் தாள்கட்டின் விளிம்பை மேஜையில் தட்டி ஒழுங்கு செய்துகொண்டிருந்தாள்.

"தெரியும். ஒன் எழுத்து எனக்குத் தெரியாதாக்கும்?" என்றாள்.

மேலும் ஒருதரம் தட்டினாள். பிறகு சொன்னாள். அவள் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்.

"ஒங்கிட்ட எதுக்குச் சொன்னேன்னு நெனைக்க? பாரம் நீதான எழுதுவே. நீ எழுதிருவேன்னுதான் சொன்னேன்."

"எழுதிராதன்னு அழுதியே."

"அழுதேன். அழுவாம என்ன செய்ய? டீச்சர்ட்ட நானே போய்ச் சொன்னா பயந்து ஒதுங்குன மாதிரி ஆயிரும். நீ எழுதிட்டேன்னா, எழுதிட்டாளே பாவின்னு ஒன்னையத் திட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். கோ இல்லாம எந்திரிச்சா ஃபவுல்லா, ஆவுடை? முதுகுப் பக்கம் நீ நின்னெ. தொட்டுருவேன்னு உக்காந்திருந்தேன்."

யார் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று முன்பே தெரிந்தவள் நான்.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. எழுபதுவரை எண்ணினேன்.

ஒருவர் ஆதார் அட்டையோடு வந்தார். இரு பக்கமும் எடுத்துக் கொடுத்தாள். அவர் போனதும் கேட்டாள், இப்போது யார் என்று. எனக்குச் சந்தேகம் இருக்கிறது, அணித் தலைவிக்குத் தெரிந்தே இருக்கிறது என்றேன்.

"அந்தப் பிள்ளகிட்ட பேரு கேக்காத. காட்டிக்குடுத்தவளா ஆயிருவா, ஆயுசுக்கும். நாளைக்குப் பூராப் பிள்ளைகளையும் இங்க அனுப்பு. ஒவ்வொண்ணா. நானே கேட்டு அடிக்கேன். யாரு கையெழுத்தும் வேண்டாம்."


ஜூலை 26, சனி

பத்து மணிக்கு முப்பிடாதி ஷட்டரைப் பாதி இறக்கினாள். பெண்கள் பன்னிரண்டு பேரும் வெளியே கடைச் சுவரோரம் குத்தவைத்து வரிசையாக உட்கார்ந்தார்கள், யாரும் சொல்லாமலே, ஒருத்தி இப்படி ஒருத்தி அப்படிப் பார்த்து. பழக்கம். டீச்சர் பள்ளி வாசலில் நின்று பார்த்தார், தெருவைத் தாண்டி வரவில்லை.

ஒவ்வொருத்தியாக நான் முதுகைத் தொட்டேன். எழுந்து குனிந்து ஷட்டருக்குள் போனாள். உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு திரை, முப்பிடாதி. வெளியே எனக்குக் கேட்டதெல்லாம் விசைச் சத்தமும், கடைசியில் பிரிண்டர் தாள் இழுக்கும் சத்தமும். சராசரி ஐந்து நிமிடம்.

இசக்கி ஏழாவது. அவளைத் தொட்டபோது முதுகு நனைந்திருந்தது. நிழலில்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். விசைச் சத்தமே இல்லை. பொன்சுபா தரையில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள், குச்சி ஒடிந்தது. இருபது நிமிடம் கழித்துப் பிரிண்டர் இழுத்தது.

உள்ளே நடந்ததைப் பிறகு முப்பிடாதி சொன்னாள். நாலாவது கேள்விக்கு இல்லை என்றாளாம். முப்பிடாதி மின்விசிறியை நிறுத்தியிருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து, என்ன சத்தம்க்கா என்று அவள் கேட்டிருக்கிறாள். "என் நெஞ்சுதான். கிட்ட வந்து கேளு." காதை வைத்துக் கேட்டாளாம். ரொம்ப நேரம் காதை எடுக்கவே இல்லையாம்.

"எனக்கும் மொதல்ல கண்ணத்தாம்ட்டி கட்டிச்சுன்னேன். அம்புட்டுதான் சொன்னேன்."

தாளில் நான்காவது கேள்விக்கு நேரே அச்சு எழுத்தில் 'ஆமாம்' என்று இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் அதை எடுத்துப் பார்த்தேன்.

மற்ற தாள்களும் சும்மா இல்லை. மூன்று பேருக்குக் கணுக்காலில் பழைய வலி. ஒருத்திக்குக் காதில் சீழ். இருவர் மாதவிலக்கு நாட்களில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். எட்டுப் பேர் காலையில் சாப்பிடுவதில்லை. நூற்றிருபது 'இல்லை'களுக்குள் இத்தனை 'ஆமாம்' உட்கார்ந்திருந்தது.

மாலையில் மற்ற ஏழு பள்ளிப் படிவங்களும் வந்து சேர்ந்தன. முப்பிடாதி புரட்டிப் பார்த்துச் சிரித்தாள். பள்ளிக்கு ஒரு அழகான கையெழுத்து. ஏழையும் திருப்பிவிட்டேன். ஒவ்வொரு பெண்ணும் தனியாக, திங்கட்கிழமை, டாக்டர் வருவதற்கு முன் எழுத வேண்டும்.


ஜூலை 27, ஞாயிறு

வடக்கு கேட்டின் பூட்டை அறுக்க ஆள் வந்தார். துரு தூள் தூளாக உதிர்ந்தது. கேட்டைத் தள்ள நானும் டீச்சரும் சேர்ந்து தோள் கொடுக்க வேண்டியிருந்தது. கீழே புல் முளைத்திருந்தது.


ஜூலை 28, திங்கள்

டாக்டர் முப்பத்தோரு பெண்களைப் பார்த்தார். இரண்டு மணி நேரம் நான்கானது. ஒரு டீ மட்டும் கேட்டார். இசக்கியின் நெஞ்சில் குழலை வைத்தவர் எடுக்கவே இல்லை. அவளுடைய அம்மாவை வரச் சொன்னார். சின்ன வயதில் முட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.


ஜூலை 29, செவ்வாய்

திருநெல்வேலியில் எக்கோ எடுத்தார்கள். வால்வு தடித்திருக்கிறது, இன்னும் முற்றவில்லை. மாத்திரை, மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, பல வருடத்துக்கு. இப்போதைக்கு ஓடக் கூடாது. பிறகு எப்போது என்று இசக்கி கேட்டாள். பார்க்கலாம் என்றார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. டிரைவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். 


ஜூலை 30, புதன்

முதல் நாள். காலை ஏழு மணிக்கு எட்டு அணிக்கும் இட்லி, வாழைப்பழம். டீச்சரின் ஏற்பாடு. ஆம்புலன்ஸ் வடக்கு கேட் வழியாக உள்ளே வந்து வேப்பமரத்து நிழலில் நின்றது. டிரைவர் நாள் முழுக்கத் தூங்கினார். இரண்டு சுளுக்கு, ஒருத்திக்கு மூக்கில் ரத்தம், முழங்கை சிராய்ப்பு ஏராளம். உண்மையான ஐஸ் இருந்தும் ஒரு பெண் ஸ்ப்ரேதான் வேண்டும் என்றாள். டீச்சர் டின்னை எடுத்தார். 'ஸ்ஸ்' என்றார். எழுந்து ஓடினாள்.


ஜூலை 31, வியாழன்

அரையிறுதியில் தோற்றோம். இரண்டு புள்ளி.

மாலையில் இறுதிப் போட்டியும் முடிந்த பிறகு பொன்சுபா கட்டுத்துணியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். "இசக்கி இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்க்கா" என்றாள். ஆமாம் என்றேன். உண்மை அது. கட்டுத்துணியைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தாள். "எனக்குத் தெரியும்க்கா. எங்கிட்ட சொல்லிருக்கா" என்றாள்.

என்னிடமும் ஒருத்தி சொல்லியிருந்தாள் என்றேன்.  அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு கம்பத்தைப் பிடுங்கப் போனாள்.

இசக்கி இரண்டு நாளும் வரவில்லை. ஆனால் அரையிறுதியின்போது ஜெராக்ஸ் கடை ஸ்டூலில் ஒருத்தி உட்கார்ந்திருந்தது தெருவைத் தாண்டித் தெரிந்தது. முப்பிடாதி எழுந்து மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.


ஆகஸ்ட் 1, வெள்ளி

இன்று இசக்கிக்குத் திருநெல்வேலியில் முதல் ஊசி. முப்பிடாதிக்கும் இன்றுதான் முறை. பதினோரு வருடமாகத் தனியாகத்தான் போய்வருகிறாள் என்று இப்போதுதான் தெரியும். சென்னை ரயிலை நாளைக்கு மாற்றிக்கொண்டேன்.

ஏழு பத்து பஸ் உள்ளே வரும்போதே கூட்டம். ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு மூன்று பேருக்கு இடம் பிடித்தேன்.